டி.என்.எஸ். சர்வர் பதில் சொல்லவில்லை

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மறித்துக் கிடந்த டிசம்பர் மாதம். என் பேத்தி சந்தியாவுக்கு அன்று கம்ப்யூட்டர் வழியாக வேலைக்கு நேர்காணல். படித்து முடித்து அலையாய் அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. நேரம் நெருங்கும்போது இன்டர்நெட் படுத்துவிட்டது. கள்ளக்குறிச்சி மெக்கானிக் வர வழியில்லை, போனிலேயே சொன்னான்:

"டி.என்.எஸ். சர்வர் பதில் சொல்லலைன்னு வருதா? மொதல்ல அந்த சர்வர் இன்னான்னு கண்டுபுடிம்மா."

எனக்குத் தெரிந்த சர்வர் தோளில் துண்டு போட்டிருப்பார். கடைத்தெரு மெஸ்ஸில் இலைபோட்டுப் பரிமாறும் நாராயணசாமி. அப்பா பெயர் துரைசாமி. ஆக, டி. நாராயண சாமி. டி.என்.எஸ்.! செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

"யோவ், எம்பேத்தி பொழப்பே போவுது. பதில் சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"இன்னா கேட்டீங்க பெரியவரே? ஊத்தப்பமா?"

சாம்பார் வாளியோடு அவரை வீட்டுக்கு இழுத்துவந்தேன். ஸ்பீக்கரில் மெக்கானிக் கேட்டான்:

"சர்வர் கெடச்சிதா?"

"கெடச்சிட்டாரு தம்பி," என்றேன். "பக்கத்துலதான் நிக்கிறாரு. நீயே பேசு."

மருமகள் இசைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சந்தியா சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது.

"தாத்தா, கொஞ்சம் அந்தாண்ட போறியா?"

வெட்கத்தில் ஒரு சாண் குறுகிப்போனேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, வேட்டி தரையில் புரண்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

மெக்கானிக் சொல்லச் சொல்ல அவள் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினாள். பொலபொலவென்று எழுத்துகள் கொட்டின. நடுவில் 'டி.என்.எஸ். சர்வர்ஸ்' என்றொரு வரி. அதற்கு நேரே வெறும் எண்கள். இவ்வளவுதானா சர்வர்? "அது தப்பு நம்பரு. எடுத்துட்டு, தானா எடுத்துக்கிற மாரி வையி," என்றான். வைத்தாள். இன்டர்நெட்டுக்கு உயிர் வந்தது.

நேர்காணலில் முதல் கேள்வியே, "பின்னாடி வாளியோட நிக்கிறது யாரு?"

"சர்வருங்க," என்றாள்.

அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். ஏன் வந்தார், யார் கூட்டிவந்தது என்றும் கேட்டார்கள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தாங்க கூப்ட்டேன்," என்றாள். அதைக் கேட்டு இன்னும் ஒரு சாண் குறைந்தேன். வேலை கிடைத்துவிட்டது; எனக்குத்தான் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதற்கு மறுவருஷம்.