பூட்டி வைத்த காலை உணவு

மருத்துவமனைக்குள் இருந்தவரை கார்த்திகாவின் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன். படுக்கையில் கிடந்தவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்றவர் எழுதிக்கொண்டார். வீடு திரும்பியபின் அவர்கள் எதைத் தின்றார்கள், தின்ன என்ன இருந்தது என்று அவள் கேட்டதில்லை. கேட்பது உன் வேலை என்று அவளுக்கு எவரும் சொன்னதுமில்லை. அந்தக் கேள்வியைக் கற்கத்தான், டயட்டீஷியன்களைத் தெருவுக்கு அனுப்பும் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தாள். நோய் வந்தபின் மருந்தோடு ஓடுவதல்ல அந்தப் பயிற்சி. நோய் புறப்படும் இடத்துக்கே போய் நிற்பது.

அவளுக்கு ஒதுக்கப்பட்ட ஊர் நெமிலிச்சேரி. அங்கிருந்து விடியுமுன் ஒரு பஸ் பெண்களை அள்ளிக்கொண்டு செம்பரம்பாக்கத்துக் குடோன் ஒன்றுக்குப் போகும். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தசோகை. வேலையில் மயங்கி விழுந்தால் எச்சரிக்கை; மூன்றாம் முறை விழுந்தால் வேலை போய்விடும். ரேணுகா ஏற்கெனவே இரண்டு முறை விழுந்திருந்தாள். அவள் கூலியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

கார்த்திகா தனக்குத் தெரிந்ததை முதலில் செய்தாள். ஒவ்வொருத்திக்கும் ஓர் உணவு அட்டவணை அச்சடித்துக் கொடுத்தாள். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாள். ரேணுகா அட்டவணையைத் தெருக்குழாயடியில் நின்று உரக்கப் படித்தாள்.

“ராகிக் கஞ்சி, அவிச்ச முட்ட, முருங்கக்கீர அட. கல்யாண ஊட்டு மெனு மாரி கீது மேடம். எல்லாஞ் சரி, இத்த எப்ப துன்றது?”

“காலையில, வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி.”

“கோழி கூவங்காட்டியும் பஸ்ஸு வந்துடுது. நீ அந்தக் கோழியாண்ட சொல்லி, அவிச்ச முட்டையாவே போடச் சொல்லேன்.”

குடம் பிடித்து நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கார்த்திகாவும் சிரித்தாள், ஆனால் முகம் சுட்டது.

மறுவாரம் அவளும் உடன் பயிலும் தீபிகாவும் வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். இட்லி, சட்னி, சோறு, கீரை, சில வீடுகளில் முட்டை. கூட்டிப் பார்த்தால் மயங்கி விழுகிற அளவுக்குக் குறை எதுவும் இல்லை. மேடம் கேட்கிறாரே என்று பொய் சொல்கிறார்கள் என்றாள் தீபிகா. எளிய விடைதான். உண்ணாதவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, உண்ண விடாதவனை ஓசையின்றி விடுதலை செய்கிற விடை. கார்த்திகாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த நாள் விடியலில் அவளும் அந்த பஸ்ஸில் ஏறினாள்.

உள்ளே எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு டிபன் பாக்ஸ் சூடாக இருந்தது. வெளிவட்டச் சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை கண்ணில் பட்டபோது வானம் வெளுத்திருந்தது. குடோன் வாசலில் காவலாளி வரதன் பைகளையும் டிபன் பாக்ஸ்களையும் வாங்கி ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினான். எப்போதோ சரக்குத் திருடு போனதாம். அன்றிலிருந்து மதியம்வரை அந்தப் பூட்டு திறக்காது. காலை உணவும் மதிய உணவும் ஒரே மூச்சில் மதியம்தான். அதுவரை ஒரு டீ.

பெண்கள் பொய் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட படிப்பு, எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்க மறந்திருந்தது. பெரும்பாலோர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்ததற்கும் விடை அங்கேயே கிடைத்தது: வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. அறியாமை அந்தப் பெண்களிடம் இல்லை. அவர்கள் கட்டிக்கொண்டு வந்த உணவுக்குத்தான் குடோன்காரர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

குடோன் மேலாளர் ஹேமநாதன் மரியாதையாகவே பேசினார். விதியை மாற்ற முடியாது என்றார். ஊட்டச்சத்து வார விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், காலை ஷிஃப்ட்டில் கீரையின் பெருமையைப் பற்றி அரைமணி பேசுங்கள் என்று அழைத்தார். பயிற்சியின் களப் பொறுப்பாளர் சிவராமன், அந்த விழாவோடு நிறுத்திக்கொள்ளும்படி கெஞ்சினார். குடோன்காரர்களைப் பகைத்தால் இந்தக் களம் கைவிட்டுப் போகும். அவள் பயிற்சியும் பாதியில் நிற்கும்.

“கீரையப் பத்திப் பேசறதுக்கு நான் ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாமே சார்” என்றாள் கார்த்திகா.

விழா நாளில் மைக்கைக் கையில் வாங்கினாள். எதிரே நின்ற பெண்களைப் பார்க்கவில்லை. நாற்காலிகளில் அமர்ந்திருந்த தலைமை அலுவலக விருந்தினர்களைப் பார்த்துப் பேசினாள்.

“கீரையின் அருமை இந்தப் பெண்களுக்குத் தெரியும். இருட்டில் எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த உணவு இப்போது உங்கள் பூட்டுக்குள் இருக்கிறது. பசித்த வயிற்றின் முன்னால் நின்று ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு வெட்கம். அந்தக் கதவைத் திறங்கள். என் பேச்சு அதோடு முடிந்துவிடும்.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். விருந்தினர்கள் ஹேமநாதனைப் பார்த்தார்கள். அவர் வரதனைப் பார்த்தார். சாவி திரும்பியது. பெண்கள் சாப்பிட்டார்கள், விருந்தினர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் ஹேமநாதன் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இன்னிக்கு விழா, அதனால தொறந்தேன். நாளைக்கு ரூல் ரூல்தான்.”

“அப்ப நாளைக்கும் வர்றேன் சார்.”

வந்தாள். ஆனால் அந்தக் காலையில் முதலில் பேசியது அவள் அல்ல. வரதன் கை நீட்டியதும் ரேணுகா தன் டிபன் பாக்ஸைத் திறந்தே காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்க அண்ணாத்தே. இட்லி கீது, மொளவாப்பொடி கீது. உங்க சரக்கு எதுனா கீதா? துன்னுட்டு வெறும் டப்பாவக் குடுக்கறேன், ஆசதீரப் பூட்டி வெச்சிக்க.”

சொல்லிவிட்டு வாசலிலேயே தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் பேசி முடிவு செய்து வந்தபடி மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கார்த்திகா ரேணுகாவின் பக்கத்தில் அமர்ந்தாள். ஷிஃப்ட் மணி அடித்தது. எவரும் எழவில்லை. உள்ளே நுழைய வந்த லாரிகள் அவர்கள் முன் நின்று ஹாரன் அடித்தன.

ஹேமநாதன் வேகமாக வந்தார். கார்த்திகாவைப் பார்த்து, உங்கள் பயிற்சிக்கு இங்கே இனி அனுமதி இல்லை, இப்போதே சிவராமனிடம் சொல்கிறேன் என்று போனை எடுத்தார்.

“சொல்லுங்க சார். மூணாவது தடவை ரேணுகாக்கா விழுந்தா அவங்கள வேலைய விட்டு எடுப்பீங்க. அவங்க ஏன் விழுந்தாங்கன்னு நான் உங்க தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன். அந்த ஆபீஸ்காரங்ககிட்டதான் நேத்து எடுத்த படம் இருக்கே.”

அவர் போனைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். பிறகு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். கால் மணி என்றாள் ரேணுகா. டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள், ஷெட்டுக்குக் கீழே சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்றார்.

“தெனமுமா?”

“தினமும்தான்.”

“அத்த எங்க எல்லார் முன்னாடியும் வரதன் அண்ணாத்தேகிட்ட சொல்டு சார்.”

சொன்னார். வரதன் கதவை விரியத் திறந்தான்.

ஷெட்டுக்குக் கீழே உட்கார்ந்ததும் ரேணுகா திரும்பினாள். “நீ துன்னியா?”

கார்த்திகா இல்லையென்று தலையசைத்தாள். பஸ் அவளுக்கும் அதே நேரத்தில்தான் வந்திருந்தது.

“ஊருக்கெல்லாம் சாப்பாட்டு சார்ட்டு” என்று முனகியபடி ரேணுகா மூடியில் இரண்டு இட்லியை வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

சிவராமன் இரண்டு முறை அழைத்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசலாம் என்று கார்த்திகா போனைக் கவிழ்த்து வைத்தாள். களம் நிலைக்குமா, சான்றிதழ் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். எந்தப் பதில் வந்தாலும் நாளை விடியலிலும் அதே பஸ்ஸில் ஏறுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மணி மறுபடி அடித்தது. ரேணுகா கடைசிக் கவளத்தை விழுங்கினாள். இடுப்பில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதன் பிறகுதான் எழுந்தாள்.