பொன்முடி அக்கா

முத்தாரம்மாளுக்குப் பொய்யே வராது என்று அவளுடைய அம்மா ஊர் முழுக்கப் பெருமையடித்த காலம் ஒன்று உண்டு. கடன் வசூல்காரர்கள் போன் செய்யத் தொடங்கிய பிறகு அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. கரமனையில் ஆற்றை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, சோறு வடித்தபடியே அவள் சொல்லும் பொய்களைக் கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். திறமை எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அவள் புருஷன் பால்பாண்டி கொத்தனார். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே போனில் ஒரு கம்பெனிக் கடன் எடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிட்டது. எலும்பு கூடி வர மாதக்கணக்கானது. அதற்குள் வட்டியும் அபராதமும் குட்டி போட்டு, கடன் கட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. கை சரியாகி பட்டம் என்கிற இடத்தில் ஒரு வீடு கட்டும் வேலைக்குப் போனான். வசூல்காரர்கள் எப்படியோ அங்கிருந்த காண்ட்ராக்டரின் நம்பரைப் பிடித்து, அவருக்கும் அவர் மனைவிக்கும் மச்சானுக்கும் நாள் முழுக்கப் போன் அடித்தார்கள். காண்ட்ராக்டர் பால்பாண்டியைக் கூப்பிட்டு, "நீ நல்ல வேலைக்காரன். எனக்குத் தலைவேதனை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது விழிஞ்ஞத்தில் ஒரு லாட்ஜ் கட்டட வேலை. அந்த இடம் வசூல்காரர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த வேலையும் போய்விடும். அதனால் பழைய போன் வீட்டில் முத்தாரம்மாளிடம் இருந்தது, அவன் வேறு நம்பர் வாங்கிக்கொண்டான். இருவரும் பேசி முடிவு செய்தது இவ்வளவுதான். பொய்களை அவளே பார்த்துக்கொண்டாள்.

திட்டுகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். மலையாளத்தில் ஒருவன் திட்டினால் இவள் தமிழில் திட்டுவாள், அவன் சோர்ந்து வைத்துவிடுவான். அனந்த் என்று ஒரு டீம் லீடர் இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார், போலீஸ், கோர்ட் என்று சினிமாவுக்கு நேரம் சொல்கிற மாதிரி சொல்லுவார். பட்டத்துக் காண்ட்ராக்டருக்குப் போன் அடித்ததும் அவர்தான். அவரையும் கூடச் சமாளிக்க அவள் பழகிக்கொண்டாள். லிபினைத்தான் சமாளிக்க முடியவில்லை. பாறசாலைக்காரன், சின்னப் பையன், தமிழ் பேசுவான் என்பதற்காகவே இவர்களைப் போன்றவர்களை அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"எக்கா, லிபினாக்கும் பேசுதேன். சாப்பிட்டியளா?"

இப்படி ஆரம்பிக்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

"சாப்பிட்டேன் தம்பி. நீ?"

"இனிதான். அண்ணன் எங்க எக்கா? ஒரு தவண ரெண்டு வார்த்த பேசணும். மாசக் கடைசியாக்கும், எனக்க டார்கெட் ஒண்ணும் ஆவல்ல. சாரு கொல்லுதாரு."

அவள் பொன்முடி மலையைச் சொன்னாள். ஏன் பொன்முடி என்று அவளுக்கே தெரியாது. அங்கே அவள் போனதுகூட இல்லை.

"அவிய பொன்முடியில இருக்காவ தம்பி. எஸ்டேட்டு லைன் வீடுகளுக்கு ரிப்பேரு வேல. அங்க போன் ரேஞ்சு கிடையாது."

"அவ்வளவு மேலயா?"

"ஆமா. மேல் லைனுல. தங்கப்பன்னு ஒரு சூப்பர்வைசரு, அவருக்குக் கீழதான் வேல. நம்ம அவியதான் அங்க ஒரே கொத்தனாரு, யாருட்ட கேட்டாலும் சொல்லுவாவ."

ரேஞ்ச் இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கைவந்த வேலையைப் பாதியில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? அன்று சாயங்காலம் பால்பாண்டியிடம் தங்கப்பனைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

சில நாள் போன் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், லிபின் கூப்பிட்டான்.

"எக்கா, நான் பொன்முடிக்குப் போறேன் கேட்டியளா. அண்ணனக் கண்டு நேர்ல பேசிட்டு வந்துருதேன்."

வெறும் மிரட்டல் என்றுதான் முத்தாரம்மாள் நினைத்தாள். ஒருத்தன் இந்த மழையில் அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறுவானா? "போயிட்டு வா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை வாபஸ் வாங்க முடியுமா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

மத்தியானம் அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்து ஏமாந்து, திட்டுவதற்காகக் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி வந்தது. தலையணைக்கு அடியில் சொருகினாள், அங்கே கிடந்து உறுமியது. கடைசியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்கின கடனுக்கு இவ்வளவு பயமா, வருவது வரட்டும் என்று எடுத்துக் கத்தத் தயாரானாள்.

"பொன்முடி அக்காவா?" என்று கேட்டது ஒரு பெண்குரல்.

"யாரு?"

"இந்த போன்ல அப்பிடித்தான் பேரு போட்டிருக்கு. கடைசியா உங்களத்தான் கூப்பிட்டிருக்கு. பையன் வளைவுல வண்டியோட சறுக்கி விழுந்துட்டாம்மா. காலு ஒடஞ்சு போச்சு. நாங்க எஸ்டேட்டு ஆளுக, அவன் விரல வச்சுத்தான் போனத் தொறந்தோம். எவ்வளவு நேரமாக் கூப்பிடுதோம், எடுக்க மாட்டேங்கீங்க. நீங்க மேல எந்த லைனு?"

ரேஞ்சே கிடையாது என்று முத்தாரம்மாள் சொன்ன மலை அது. அந்த வளைவில் ரேஞ்ச் நன்றாகவே இருந்தது.

நெடுமங்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். கம்பெனிக்குச் சொல்லலாம் என்று, தன்னை இத்தனை மாதம் தூங்கவிடாமல் அடித்த நம்பர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒன்றுக்கு இந்தப் பக்கமிருந்து அழைக்கவே முடியாது. எவனும் கிடைக்கவில்லை. நம்மைக் கூப்பிட ஆள் கோடி, நாம் கூப்பிட்டால் ஒரு நாதி கிடையாது என்று வாய்விட்டே திட்டினாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

லிபினை அவள் பார்த்தது அன்றுதான். குரலைவிட ஒல்லியாக இருந்தான். காலில் கட்டு, முகத்தில் சிராய்ப்பு, ஊசி மயக்கம். நர்ஸ் வந்து கூட இருப்பது யார் என்று கேட்க, "நான்தான்" என்று இவள் சொன்ன குரலில் கண்ணைத் திறந்தான்.

"எக்கா… அண்ணன் எந்த லைனு? நான் எல்லா லைன்லயும் கேட்டேன். தங்கப்பன்னு ஒருத்தரும் இல்ல."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. மழையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இல்லாத தங்கப்பனைக் கேட்டுக்கொண்டு இந்தப் பையன் நின்றதை நினைத்தபோது அழுகை வந்தது. பதில் சொல்வதற்குள் அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் அம்மா தங்கபாய் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். மகனைப் பார்த்து அழுது முடித்துவிட்டு முத்தாரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தராக்கும் உன்ன அனுப்பினாரு பிள்ளே. நீ அவனுக்க ஆபீஸா?"

"போன்ல பழக்கம்மா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"காலுக்குள்ள பிளேட்டு வைக்கணுமாம். நகையொண்ணும் கையில இல்ல. போன்லயே லோன் கிட்டும்னு அவனுக்க கூட்டுக்காரன் சொன்னான். டக்குனு வருமாமே. அத எடுக்கலாம்னு பாக்கேன்."

டீ ஆறுவதற்குள் பணம் வந்த அந்த ஆஸ்பத்திரி வராந்தா முத்தாரம்மாளுக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் லிபினின் போன் அடித்தது. தங்கபாய் அதைப் பார்த்து, "அவனுக்க சாரு. எனக்குப் பேசத் தெரியாது, நீ பேசு" என்று நீட்டினாள். இன்னொரு கை முத்தாரம்மாளின் கையை விடவில்லை.

அனந்தின் குரல் எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னாள். அவர் அமைதியாகக் கேட்டார்.

"பொன்முடி விசிட் எங்க சிஸ்டத்தில் இல்லல்லோ. பார்ட்டி அட்ரஸ் கரமனை. மழை வந்தா இந்தப் பசங்க பைக் எடுத்து பொன்முடிக்கு ட்ரிப் போகும். அதுக்கு கம்பெனி இன்சூரன்ஸ் தராது, கேட்டோ."

"ட்ரிப் இல்ல சார். வேலையாத்தான் போனான்."

"நீங்க ஆரு?"

வைத்துவிடலாம். ராங் நம்பர் மாதிரி, தெரியாதவள் மாதிரி, வைத்துவிட்டு பஸ் ஏறினால் யாரும் தேடப்போவதில்லை. பால்பாண்டி நாளைக்கும் வேலைக்குப் போவான்.

"பால்பாண்டி பொஞ்சாதி. அவிய பொன்முடியில இருக்காவன்னு நாந்தான் இந்தப் பையன்ட்ட சொன்னேன். நீங்கதான் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணுவியளே, போட்டுக் கேளுங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ அது பொய். சரியான இடம் எவிடெ? அதைச் சொல்லு சேச்சி. நான் இதை ஃபீல்டு விசிட்டாப் போடறேன். இன்சூரன்ஸ் கிட்டும்."

"விழிஞ்ஞம்" என்றாள். லாட்ஜ் இருக்கும் இடத்தையும், காண்ட்ராக்டரின் பேரையும் சொன்னாள். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார், திரும்பவும் நிதானமாகச் சொன்னாள்.

போனை வைத்தபோது தங்கபாய் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

"அவன மேல ஏத்தி விட்டது நீதானா?"

"ஆமாம்மா."

"பின்ன எதுக்கு இப்பம் சொன்ன? சொல்லலேன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"நீங்க போன்ல கடன் எடுக்கப் போறேன்னு சொன்னியளே."

தங்கபாய்க்கு அது புரிந்ததோ என்னவோ. முகத்தைத் திருப்பிக்கொண்டு மகனின் போர்வையைச் சரிசெய்தாள். முத்தாரம்மாள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து பால்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டினான். திட்டாமல் இருக்க அவன் மகான் ஒன்றும் இல்லை. தட்டுமுட்டுச் சாமான் ஒன்று சுவரில் போய் விழுந்தது. வெகுநேரம் கழித்து, "பையனுக்குக் காலு நேராயிருமா?" என்று கேட்டான்.

அனந்த் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலையில் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்துவிட்டதாகத் தெரிந்தது. அதே காலையில் விழிஞ்ஞம் காண்ட்ராக்டரின் போனும் அடிக்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் பால்பாண்டி கரணையையும் மட்டப்பலகையையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். முத்தாரம்மாள் ஒன்றும் கேட்காமல் வட்டிலை வைத்துச் சோறு போட்டாள். அவன் ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பான், பழைய போன் அடித்தது.

புதுக் குரல். ஒரு பெண், எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி பேசினாள். "மிஸ்டர் பால்பாண்டி இருக்காரா மேடம்?"

"இருக்காவ" என்றாள் முத்தாரம்மாள்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. இந்தப் பதிலுக்கு அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலும்.

"வீட்டுலதான் இருக்காவ. சாப்பிடுதாவ. இந்தா குடுக்கேன், பேசுங்க."

பால்பாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். சோற்றுக் கையை வட்டிலிலேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"பால்பாண்டிதான் பேசுதேன். சொல்லுங்க."