குழந்தை: கோமதி, வயது பதினொன்று

மகள் ஆர்ஷாவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த கையோடு கோமதி போனை எடுத்து அந்த நீலப் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. பாதி வரைக்கும் வந்து நின்றது. 'பதிவிறக்கம் தோல்வி' என்று சிவப்பில் எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அதே எழுத்துதான்.

"என்னங்க, பாஸ் இறங்க மாட்டேங்கு," என்றாள்.

கணவன் தங்கபாண்டி இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சாய்ந்தால் வலி உயிர் போகும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்து, சாலை என்ற கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் வருஷக்கணக்காகக் கம்பி தூக்கியவன். போன மார்கழியில் கம்பிக் கட்டோடு சரிந்து விழுந்தான். முதுகில் வட்டு விலகிவிட்டது, இனி பாரமே தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் தங்கபாண்டி வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

அந்த அடுப்புக்காகத்தான் கோமதி கிளம்பினாள். ப்ளஸ் டூ படித்து டைப்பிங் பழகியிருந்தவள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில், சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு இன்டர்வியூ போனாள். கிடைத்தும் விட்டது. அன்று பகல் இரண்டு மணிக்குள் கம்பெனி ஆப்பிலிருந்து கேட் பாஸை இறக்கி, பிரிண்ட் எடுத்து, வாசலில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஆப்பும் லேசுப்பட்டதல்ல. முகத்தைக் காட்டிப் பதிந்த அந்த ஒரு போனில்தான் திறக்கும். வேறு போனுக்கு மாற்றினால் ஒரு முழு நாள் பொறுக்க வேண்டும்.

வீட்டில் போன் விஷயத்துக்கு டாக்டர் தங்கபாண்டிதான், அப்படி அவனே சொல்லிக்கொள்வான். முதலில் அணைத்துப் போடச் சொன்னான். அணைத்துப் போட்டாள். சிம்மைக் கழற்றி மாட்டச் சொன்னான், மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தவன், உள்ளே வீடியோவாக நிறைந்து கிடக்கிறது, இடமில்லாமல் எப்படி இறங்கும் என்று எரிந்து விழுந்தான். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னான்.

கோமதி தயங்கினாள். எல்லாம் அவள் கையால் எடுத்த வீடியோக்கள். ஆர்ஷா பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியது, அதற்கும் முன்னால் விழுந்து விழுந்து சைக்கிள் பழகியது. வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. கம்பெனிக்கு போன் செய்து கேட்டாள். போன் கோளாறுக்குத் தாங்கள் பொறுப்பில்லை, இரண்டு மணிக்குள் வரப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒன்றொன்றாக அழித்தாள். அழிக்க அழிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் போன பிறகு பொத்தானை அழுத்தினால், பாதியில் நின்று அதே சிவப்பு எழுத்து.

"உன்கிட்ட ஒரு பொருளக் குடுத்தா உருப்படியா வச்சிக்கிடத் தெரியுதா? கண்டதையும் அமுக்கி வச்சிருப்ப," என்றான் தங்கபாண்டி.

பழவங்காடி முக்கில் ஷிபுவின் மொபைல் கடை இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போகும்போதே மணி பன்னிரண்டாகிவிட்டது. ஒவ்வொரு குழியிலும் தங்கபாண்டிக்கு முதுகு வெட்டி இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். பிள்ளையார் கோயில் முன்னால் இறங்கியதும் கோமதி ஒரு தேங்காய் வாங்கி ஓங்கி உடைத்தாள். அது நன்றாகத்தான் சிதறியது. அதைப் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஷிபு நிதானமான மலையாளிப் பையன், கையிலும் வேலை சுத்தம். நெட்வொர்க்கைப் பார்த்தான், தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தான், ஆப்பைப் புதுப்பித்தான், தன் கடை வைஃபையைக் கொடுத்துப் பார்த்தான். கம்பெனி ஆப்பை விட்டுவிட்டு வேறு எங்கிருந்தோ ஒரு சாதாரணப் படத்தை இறக்கிப் பார்த்தான். அதுவும் இறங்கவில்லை. வெகு நாளாகவே தன் போனில் யார் என்ன அனுப்பினாலும் இறங்காது, பழைய போன் அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள், அப்படியே பழகிவிட்டது என்றாள் கோமதி. ஷிபு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போய்ப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

"சேச்சி, இது குட்டியோட போனா?"

"இல்லையே, என்னோடதுதான். ஏன் தம்பி?"

"இல்ல, பிள்ளைங்க போன்ல போடுற ஒரு கன்ட்ரோல் ஆப் இதுல ஒளிஞ்சு கிடக்கு. ஆப் ஏத்தலாம், ஆனா அப்பா அம்மா போன்ல இருந்து சரின்னு கொடுத்தாத்தான் பைல் இறங்கும். எடுத்துக் களையலாம்னா பின் நம்பர் வேணும், கேட்டோ."

சத்தியமாக அதுவரைக்கும் தங்கபாண்டிக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. இப்போது எல்லாம் வந்தது. போன ஓணத்துக்கு முன்னால், கடையில் கூட வேலை பார்த்த ராஜமணி டீ குடிக்கும்போதெல்லாம் கதை கதையாகச் சொல்வான். யாரோ ஒருத்தன் மனைவி போனில் யாருடனோ பழகினாளாம், போட்டோ போனதாம், வீடியோ வந்ததாம், குடும்பமே நாறிப் போனதாம். கேட்கக் கேட்கத் தங்கபாண்டிக்குத் தூக்கம் கெட்டது. கோமதி அப்படிப்பட்டவளா என்றால் இல்லை. ஆனாலும் மனசு அரித்தது. ராஜமணியே வழியும் சொல்லிக் கொடுத்தான். கோமதி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போனை எடுத்து அந்த ஆப்பைப் போட்டான். முதலில் ஒரு வாரம் தன் போனில் திறந்து திறந்து பார்த்தான். அவள் அக்காள் அனுப்பிய கோலத்தையும் சமையல் குறிப்பையும் தவிர ஒரு மண்ணும் இல்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டான், பூட்டைத் திறக்க மட்டும் மறந்துவிட்டான். விழுந்த அன்று அவன் போன் கம்பிக்கு அடியில் நசுங்கியது. சாவியும் அதோடு போயிற்று.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். மனுஷ புத்தி அப்படியா வேலை செய்கிறது? ஒரு போன் பண்ண வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு அவன் வெளியே நழுவினான். தேங்காய் சிதறிக் கிடந்த இடத்தருகே நின்று, இப்போது கையிலிருக்கும் பழைய போனில் அந்த ஆப்பை ஏற்றினான். நம்பரைக் கொடுத்ததும் கணக்கு வந்தது, பின் நம்பர் கேட்டது. கல்யாண நாளைப் போட்டான், தவறு. ஆர்ஷா பிறந்த வருஷத்தைப் போட்டான், அதுவும் தவறு. இன்னொன்று போட்டான். தவறு, அரை மணி நேரம் கழித்துத்தான் இனி முயல முடியும் என்று சொல்லி ஆப் மூடிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று வந்தவன், இருந்த கொஞ்ச நேரத்தையும் தின்றுவிட்டு நின்றான்.

உள்ளே வந்தபோது கோமதி அழுதுகொண்டிருந்தாள். போனை மொத்தமாக அழித்துப் புதுசாக்கலாம், ஆனால் கம்பெனி ஆப்பும் போய்விடும், மறுபடி பதிந்தால் ஒரு நாள் ஆகும் என்று ஷிபு சொல்லியிருந்தான்.

"நான்தான் என்னத்தையோ அமுக்கியிருப்பேன் தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவுக சொல்லுவாக, கண்டதையும் தொடாதன்னு. நான் கேக்கல. இப்பம் பாருங்க, அவுக மருந்துக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டேன். பிள்ள மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தங்கபாண்டி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சும்மா இருந்திருந்தால் அந்தப் பழி அவள் தலையிலேயே இருந்திருக்கும். அவளே எடுத்துச் சூடிக்கொண்ட பழி, ஒருவரும் அவனைக் கேட்கப் போவதில்லை. அரை மணி நேரம் கழித்து எதையாவது சொல்லி சமாளித்திருக்கலாம். ஆனால் தன் மருந்துக்காக அவள் அழுகிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"அழாத கோமதி. நீ ஒண்ணும் அமுக்கல. அதப் போட்டது நான்தான்," என்றான். "உன்னச் சந்தேகப்பட்டுப் போட்டேன். பிறவு மறந்துட்டேன்."

கோமதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை பட்டென்று நின்றுவிட்டது. ஷிபு தலையைக் குனிந்துகொண்டு மேசையில் எதையோ தேடுவதுபோலத் தேடினான். மூன்று பேரும் அந்த அரை மணி நேரத்தைக் கழித்தார்கள். அதைப்போல ஒரு நீளமான நேரத்தைத் தங்கபாண்டி அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் முடிந்ததும், பின் நம்பர் மறந்துவிட்டது என்று கொடுத்து, அவன் நம்பருக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டு, ஷிபு புதுப் பின் நம்பர் வாங்கினான். ஆப் திறந்தது. அதன் முதல் பக்கத்தைக் கோமதியும் பார்த்தாள். 'குழந்தை: கோமதி. வயது: 11' என்று இருந்தது. ஆப்பைப் போட்ட அன்றைக்குப் பெரியவர்கள் வயதை அது ஏற்க மாட்டேன் என்றதால் தங்கபாண்டி தன் மகளின் வயதைப் போட்டிருந்தான். முப்பத்தாறு வயதுக்காரி, இவனைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டிய பெண், அந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

ஷிபு பூட்டை நீக்கியதும் பாஸ் ஒரே மூச்சில் இறங்கியது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தார்கள். முதுகு வெடிக்கிறதே, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று ஷிபு தடுத்தும் தங்கபாண்டி கேட்கவில்லை, கூடவே ஏறினான். கோவளம் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக வழியை அடைத்து நின்றன. கோமதி அந்தக் காகிதத்தைச் சுருங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்திருந்தாள். தங்கபாண்டி, கடலாத்தா, இந்த ஒரு தடவை மட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

வாசலை அடைந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. கம்பெனி சூப்பர்வைசர் சுஜித் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சமயம் கழிஞ்சுபோச்சு. அடுத்த ஆளு உள்ளே கேறியாச்சு. எந்தா லேட்டாச்சு?"

"போன் கோளாறு ஆயிட்டு சார்," என்றாள் கோமதி.

இத்தனைக்குப் பிறகும் அவள் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. வாசலில் வேலைக்கு வந்தவர்களும் கொண்டுவிட வந்தவர்களுமாகப் பத்துப் பேராவது நின்றிருந்தார்கள். தங்கபாண்டி முன்னால் வந்தான்.

"போன்ல கோளாறே இல்ல சார். புருஷன் நான்தான் அவ போனுக்குப் பூட்டுப் போட்டு வச்சேன். அவ விடியக்காலத்துல இருந்தே ஒரு தப்பும் செய்யாம அலைஞ்சிட்டிருக்கா. அவளக் குறிச்சுத் தப்பா ஒண்ணும் எழுதிராதீங்க."

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் சிரித்தாள், ஓர் ஆண் தலையைத் திருப்பிக்கொண்டான். போன இடம் போனதுதான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, இனி ஆள் எடுக்கும்போது மறுபடி எழுதிப் போடுங்கள் என்றார் சுஜித். குரலில் இரக்கம் இருந்தது, ஆனால் இரக்கத்தை வைத்து உலை வைக்க முடியுமா?

பஸ் நிறுத்தத்தில் தங்கபாண்டியால் நிற்க முடியவில்லை, கீழே கல்லில் உட்கார்ந்துவிட்டான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான், விசும்பல்தான் வந்தது. கோமதி அவன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டாள். கையிலிருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"வேலை போனாப் போவுது, இன்னொண்ணு தேடிக்கிடலாம். காலைல இருந்து நான்தான் ஒண்ணுக்கும் ஆவாதவள்னு நெனச்சு நெனச்சு வெந்தேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. எம்மேல சந்தேகம்னா என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கணும். நான் பதில் சொல்லியிருப்பேன். கட்டுனவளக் கொழந்தையாக்கிப் பூட்டி வச்சிட்டு, கஷ்டம் வந்த அன்னைக்கு மட்டும் அவ பெரிய மனுஷியா நின்னு வீட்டத் தாங்கணும்னா, எப்படிங்க தாங்குவா?"