பெயர் தெரியாத சிறுமி

மலேசியாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளின் பழைய படங்களைச் சேகரித்து வைத்திருந்த ஒரு சிறிய பல்கலைக்கழகம், அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காட்டுமாறு வாட்சப்பில் கேட்டிருந்தது. குருபோங் தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் இந்திராதேவி லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். அவளுடைய அக்கா காளியம்மா ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு ஒரு படம்கூட இல்லை. ஐம்பது வருடத்தில் அந்த முகமே இந்திராதேவிக்கு மறந்துபோயிருந்தது.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் தாரணி, 1972ஆம் ஆண்டு மூன்றாம் வகுப்புப் படத்தை மேசைமேல் வைத்தாள். அம்மா தைத்த பூப்போட்ட கவுனை வைத்துத்தான் இந்திராதேவி அக்காவைக் கண்டுபிடித்தாள். முகம் மட்டும் கலங்கலாக இருந்தது. படம் எடுத்த நொடியில் அக்கா தலையைத் திருப்பியிருந்தாள்.

"யாரோ கூப்பிட்டிருக்காங்க போல, ஆன்ட்டி," என்றாள் தாரணி.

இந்திராதேவி அந்தக் கலங்கலான முகத்தை விரலால் தொட்டாள்.

"நான்தாம்மா. அப்ப எனக்கு அஞ்சு வயசு. வேலிக்கு வெளிய நின்னு, வீட்டுக்கு வாக்கான்னு அழுதேன். வாத்தியார்கூட அதட்டுனாரு."

"அவங்க பேரு என்ன ஆன்ட்டி? எங்ககிட்ட இல்லலா."

"காளியம்மா."

பட்டியலில் 'பெயர் தெரியவில்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, தாரணி அந்தப் பெயரை எழுதினாள். பிறகு படத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இந்திராதேவி அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா தன்னைத்தான் தேடித் திரும்பியிருக்கிறாள் என்று நினைத்து அவள் கண்ணைத் துடைத்தபோது, இறங்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.