ஹாஸ் பீன்

...வாஸ் என்றாரா, ஹாஸ் பீன் என்றாரா, முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த சொல் பாதி துணியிலேயே நின்றுவிட்டது, ப்ரீதிங் என்பது மட்டும் காதில் விழுந்தது, அதற்குள் டாக்டர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்... இதே ஆஸ்பத்திரியில் எத்தனை குடும்பங்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறாள், புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கூசாமல் கேட்கிறவள், உள்ளே கிடப்பது கூடப்பிறந்தவள் என்றதும் கேட்காமல் விட்டுவிட்டாளே. வாஸ் என்றால் தங்கை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், இருந்தாள், சரி, அப்புறம்? ஹாஸ் பீன் என்றால்... பள்ளிக்கூட நாளில் இந்த இங்கிலீஷ் இலக்கணத்தைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கப் பட்ட பாடு கொஞ்சமா, ஒரு வேலைக்கு எதுக்குக்கா மூணு சொல்லு, ரயில் பெட்டியா கோக்குறாங்க என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, கழுதை...

பக்கத்தில் தங்கை புருஷன், ரொட்டி சுடுகிறவர், அடுப்படியிலிருந்து அப்படியே ஓடிவந்தவர், நகக்கண்ணெல்லாம் காய்ந்த மாவு. "என்னக்கா சொன்னாரு?"

"இருங்க தம்பி, சரியா கேட்டுச் சொல்றேன்."

போய்க் கதவோரத்து மணியை அழுத்தினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தவுடன் கவசத்தை இறக்கிவிட்டு நிதானமாகவே சொன்னாள், ஷீ ஹாஸ் பீன் ப்ரீதிங் ஆன் ஹெர் ஓன் சின்ஸ் மார்னிங். பீன்! அம்மாடி, எவ்வளவு சின்னச் சொல், காலையில் தொடங்கிய மூச்சை எங்கும் அறுந்துபோகாமல் இழுத்துவந்து இந்த நொடியில், இந்தக் கதவுக்குப் பின்னால், சூடாக நிறுத்திவிட்டதே... "காலையிலேருந்து மெஷின் இல்லாம, தானாவே மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா தம்பி" என்று சொல்லும்போதுதான் பார்த்தாள், தமிழ் அதே இடத்தில் என்ன வைத்திருக்கிறது, இருக்கா, உயிரோடு இருக்கிறாள் என்பதற்கும் அதே சொல்தானே, தினமும் நூறு தடவை வாயில் புழங்கியும் அதன் ஆழம் தெரியாமலா இத்தனை வருஷம் பிழைப்பு நடத்தினாள்?

"இருக்காளா?" என்றார் அவர், மாவுக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு.

"இருக்கா."

கொஞ்ச நேரம் அழுது ஓய்ந்தவர் தலையைத் தூக்கினார். "நாளைக்கும் இருப்பாளாக்கா?"

வாயைத் திறந்தாள், கண் தன்னால் கதவுப் பக்கம் போயிற்று... மொழிபெயர்க்க அங்கே யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.