ரீஸ்டார்ட்டின் தங்கை

"கையை எடுண்ணா. சொல்றேன்ல, கீபோர்டுலேருந்து கையை எடு."

"எடுக்க முடியாது. அங்க டாக்டர் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கார். நீ என்னடான்னா பொணத்தைப் போட்டுட்டு ஆராய்ச்சி பண்ணணும்ங்கற."

"சர்வர் பத்து நிமிஷம் அப்படியே கிடக்கட்டும். எதனால விழுதுன்னு பாத்துட்டு எழுப்பலாம்."

"பத்து நிமிஷத்துல பாதிப் பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க."

"போகட்டும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். திருடன் போன வீட்டைப் பெருக்கித் துடைச்சு வெச்சுட்டு, அப்புறம் தடயம் எங்கன்னு என்கிட்ட கேக்கறே."

சட்டென்று ஒரு பொத்தான் சத்தம். பிறகு அண்ணனின் குரல், வெற்றி பெற்ற குரல்: "எழுந்துடுச்சு பாரு."

அதன்பின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் கிண்ணங்கள் ஒரு முறை நடுங்கி அடங்கின.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கட்டியவர் செங்கல்லில் சிக்கனம் பார்த்தவர். ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை; கேட்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டும். நான் அந்தப் பாடெல்லாம் படுவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் கட்டடத்தில் 'ரீஸ்டார்ட்' என்று பெயர். லிஃப்ட் நின்றால், தண்ணீர் மோட்டார் மூச்சை நிறுத்தினால், கீழ்வீட்டு டி.வி. கோடு கோடாகத் தெரிந்தால், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." சரியாகியும் விடும். மறுவாரம் அதே லிஃப்ட் அதே மாடியில் நிற்கும். பெண்டாட்டியோடு சண்டை வந்தாலும் இதே வைத்தியம்தான். கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்குள் வருகிறவர் போல வந்து, "காபி இருக்கா?" என்பார்.

அண்ணனும் தங்கையும் முன்னறையில் தொழில் நடத்தினார்கள். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு பல் டாக்டருக்காக, நோயாளிகள் போனிலிருந்தே நேரம் பதிவு செய்துகொள்ள ஒரு வசதி. ஆள் பிடித்து, பேசி, காசு வாங்குவது அண்ணன். உட்கார்ந்து ஜாவா என்கிற கணினி மொழியில் அதை எழுதுவது தங்கை. அது ஓடும் இயந்திரம், அதாவது சர்வர், எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்தது. அதற்குச் சீக்கு வந்தால் அலறல் மட்டும் எங்கள் சுவருக்குப் பின்னால் கேட்கும்.

சீக்கு சில மாதங்களாகவே இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். யாருக்கும் பதிவு ஆகாது. டாக்டரிடமிருந்து போன் வரும். அண்ணன் பொத்தானை அமுக்குவார். உயிர் வந்துவிடும். சில நாளில் மறுபடி வட்டம்.

இதில் தங்கைக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், அவளுடைய வாழ்க்கையே அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வேறொரு ஊரில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. அதே ஊரில் பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர், வீடு பார்த்து, திரைச்சீலைகூட மாட்டிவைத்துவிட்டு, கல்யாணத்தைப் பதிவு செய்யக் காத்திருந்தார். வேலை கொடுத்தவர்கள் ஏற்கெனவே ஒரு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் தடை சொல்லவில்லை. நியாயமாக ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு வாரம் விழாம நிக்கட்டும் பாப்பா. நானே உன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வண்டியேத்தி விடறேன்."

அந்த ஒரு வாரம் வரவே இல்லை. அதிலும் ஒரு வேடிக்கை. அவள் பேசாமல் இருக்கும்வரை சர்வரும் பேசாமல் இருக்கும். பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கினாள் என்றால் போதும், படுத்துவிடும்.

கட்டடத்தில் வாய் சும்மா இருக்குமா. கீழ்வீட்டு மாமி, "அண்ணன்காரன்தான் வேணும்னே நிறுத்தறான், சம்பளமில்லாத ஆள் போயிட்டா யார் எழுதறது" என்றாள். வாட்ச்மேன், "அந்தப் பொண்ணுக்கே போக மனசில்லை, அதான் இப்படி" என்றார். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மறுநாள் உள்ளே போனேன். தங்கை முன்னறையில் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டு, தட்டில் காய்ந்துபோன ரொட்டி. அண்ணன் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். சன்னல்வரை போவார், திரும்புவார். கையில் போன், கட்டைவிரல் அதன் திரையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது. கால் நின்றால்கூட அந்த விரல் நிற்கவில்லை.

"வாங்கக்கா" என்றாள் அவர் பெண்டாட்டி, தங்கையின் அண்ணி. பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிறவள் அவள். கை நடுங்காது, குரலும் உயராது. "இவளுக்கு வேலை குடுக்கறவங்க போன் பண்ணிட்டாங்க. அடுத்த வாரக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம்."

"அப்படி என்னதான் ஆகுது அந்த மெஷினுக்கு?" என்றேன்.

தங்கை திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அக்கா, உங்க வீட்டுல விருந்து. ஆள் நிறைய, டம்ளர் கொஞ்சம். வர்றவங்க குடிச்சுட்டுக் கழுவி வெச்சாத்தான் அடுத்தவங்களுக்குக் கிடைக்கும். சரியா? இங்க சர்வருக்கும், பதிவெல்லாம் சேத்து வெச்சிருக்கற டேட்டாபேஸுக்கும் நடுவுல கனெக்‌ஷன்னு இருக்கு. அதுவும் அப்படித்தான், எண்ணி வெச்ச டம்ளர். எவனோ குடிச்சுட்டுக் கையோட எடுத்துட்டுப் போறான்னு நினைக்கறேன். கடைசில ஒண்ணுமே இல்லாம எல்லாரும் வரிசைல நிக்கறாங்க. அதான் அந்த வட்டம்."

"ரீஸ்டார்ட் பண்ணினா?"

"கடைக்குப் போய்ப் புது டம்ளர் வாங்கிட்டு வர்ற மாதிரி. யார் எடுத்தான்னு மட்டும் தெரியாது."

"எடுத்துட்டுப் போறது யாரு?" என்றாள் அண்ணி.

"அதைத்தான் தேடறேன் அண்ணி. நான் எழுதின ஒவ்வொரு வரியையும் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் கழுவித்தான் வெச்சிருக்கேன். செத்துக் கிடக்கும்போது பாத்தாத்தான் பிடிக்க முடியும். அண்ணன் விட்டாத்தானே."

"இந்தக் குடும்பம் சோறு தின்ன வேண்டாமா?" என்றார் கூடத்திலிருந்து ரீஸ்டார்ட்.

"நீங்க முதல்ல போனைக் கீழ வெச்சுட்டுத் தின்னுங்க" என்றாள் அண்ணி.

பேச்சின் சுவாரசியத்தில் ஏணியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். மறுபடி போக ஒரு காரணம் வேண்டுமே.

வீணாகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்கை பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். நண்பகலுக்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பால்கனியும் எங்கள் பால்கனியும் கைக்கெட்டும் தூரம்.

"என்னங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்க. கொடிக்கம்பி அறுந்துடுச்சு" என்று அண்ணியின் குரல்.

அவர் பால்கனிக்கு வந்தார். கம்பி திடமாகத்தான் இருந்தது. பின்னால் கண்ணாடிக் கதவு இழுத்து மூடி, தாழ் விழுந்தது.

"ஏய். என்ன விளையாட்டு இது. டாக்டர் கூப்பிடறார்."

"கூப்பிடட்டும். அவ வேலை முடியட்டும், திறக்கறேன்" என்றாள் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

என்னைப் பார்த்தார். "அக்கா, உங்க பக்கம் தாண்டி வரட்டுமா?"

"மூணாவது மாடி தம்பி. விழுந்தா உங்களை யாரும் ரீஸ்டார்ட் பண்ண முடியாது" என்றேன்.

கூண்டுக்குள் போட்ட கோழி போல அங்குமிங்கும் நடந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அதே பழக்கம்: விரலால் திரையை இழுப்பது, விடுவது, இழுப்பது, விடுவது. எட்டிப் பார்த்தேன். படம், எழுத்து ஏதும் இல்லாத வெள்ளைப் பக்கம். நடுவில் வட்டம்.

உள்ளே தங்கையின் குரல் திறந்த சன்னல் வழியே வந்தது. அவசரம் இருந்தது, அழுகை இல்லை. "எல்லாரும் வரிசைலதான் நிக்கறாங்க அண்ணி. அத்தனை பேரும் கனெக்‌ஷனுக்காக. நான் நினைச்சது சரி. இப்ப ஒரு வேலை பண்றேன். எடுத்தவன் கொஞ்ச நேரத்துல திருப்பித் தரலைன்னா பேரை எழுதி வைன்னு சொல்லி எழுப்பறேன்."

எழுப்பினாள். பால்கனிக்காரரின் போனில் வட்டம் போய், 'உயிரோடு இருக்கு' என்று ஒரு வரி வந்தது. அவர் முகம் மலர்ந்தது. நிம்மதி கொஞ்ச நேரம்தான். மறுபடி இழுத்தார். உயிரோடு இருக்கு. மறுபடி.

"வந்துடுச்சு அண்ணி. ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான். இதோ இன்னொண்ணு. எல்லாம் ஒரே பக்கத்துலேருந்து. இப்படி ஒரு பக்கமே நான் எழுதலையே. யாரோ இப்ப, இந்த நிமிஷம், எடுத்துக்கிட்டே இருக்கான்."

கண்ணாடிக் கதவு வழியே எனக்கு உள்ளே தெரிந்தது: அண்ணி தங்கையின் திரையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே புருஷனைப் பார்த்தாள். அவர் விரல் இறங்கியது. மூன்று மூச்சு கழித்துத் திரையில் ஒரு வரி விழுந்தது. விரல் இறங்கியது, வரி விழுந்தது. அவர் மூக்கைச் சொறிந்தார், வரி வரவில்லை. கேக்கில் எழுத்துப்பிழை கண்டவள் போல அவள் முகம் இறுகியது.

கதவு திறந்தது. "என்னங்க, அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க."

நானும் ஏணியோடு ஓடினேன். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"இது என்ன பக்கம்ணா?" தங்கை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது நான் எழுதினது."

"நீயா? எப்ப?"

"அன்னிக்கு டாக்டர் ரிசப்ஷன்ல எல்லார் முன்னாடியும் கேட்டாரே, உங்க சர்வர் செத்ததுகூட உங்களுக்குத் தெரியாதாய்யான்னு. அதுலேருந்து. எனக்கும் கொஞ்சம் ஜாவா தெரியும். தனி ஃபோல்டர்லதான் வெச்சேன். உன் வேலைல கை வைக்கலை. வெச்சா நீ திட்டுவே."

"டேட்டாபேஸ்கிட்ட கேக்குது, பதில் வாங்குது, உயிரோட இருக்குன்னு சொல்லுது. சரி. கனெக்‌ஷனை எங்க மூடறே?"

அவர் திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மூடணுமா?"

யாரும் பேசவில்லை. நான்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைப் பாப்பே?"

"சும்மா... எப்பவாவது."

"நான் பெட்டியை இறக்கின அன்னிக்கு?"

"சாப்பிடும்போதுகூடப் பாத்தார். குளிக்கப் போறப்பவும் எடுத்துட்டுப் போனார்" என்றாள் அண்ணி.

"நீ போனப்புறம் விழுந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

தங்கை சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கத்துவாள் என்றும் நினைத்தேன். அதற்குத் தயாராக நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். "உட்காரு. மூடற வரியை நீயே எழுது. நான் போட்டேன்னா நாளைக்கு இன்னொண்ணு எழுதி இதையே பண்ணுவே."

எழுதினார். இரண்டு முறை தப்பாக எழுதினார். அவள் திருத்தவில்லை, தப்பு என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது முறை சரியாக வந்தது.

அதன்பின் ஒரு வாரம் அந்த வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்கள். இனி எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று தங்கை சொல்லிவிட்டாள். ஆனால் அவருக்குப் பார்க்கவே பயம். போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வெறும் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். நடையின் சத்தம் எங்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. வாரம் முடிகிற அன்று டாக்டரிடமிருந்து போன். வீடே உறைந்துவிட்டது. அண்ணிதான் எடுத்தாள். வேறொன்றுமில்லை: "என்னம்மா, புகாரே வரலை, ஓடுதா இல்லையா?" என்று கேட்டாராம்.

பெட்டியை ரீஸ்டார்ட்டே தூக்கிக்கொண்டு இறங்கினார். லிஃப்ட் அன்றைக்கும் நின்றுதான் இருந்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி அவர் சொல்லவே இல்லை என்று வாட்ச்மேன் வியந்து வியந்து சொன்னார்.

தங்கை வேலையில் சேர்ந்தாள். பாலம் கட்டும் பொறியாளரோடு கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டாள். எனக்குப் போட்டோதான் வந்தது, அதிலும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரு வருஷம் இவர் தனியாகவே அந்தச் சர்வரை ஓட்டினார். பிறகு அண்ணியைக் கூட்டிக்கொண்டு தங்கை ஊருக்கே குடிபோய்விட்டார், அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவள் கூப்பிட்டாள் என்கிறார் வாட்ச்மேன். இவராகவே போய் நின்றார் என்கிறாள் கீழ்வீட்டு மாமி. அவசரத்தில் ஏணியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. இரண்டு பேரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். அவ்வளவு மெல்லிய சுவர் இருந்து என்ன பிரயோசனம்.