இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

நமுனுகுலயிலிருந்து வரும் முதல் பஸ் பதுளையில் நிற்கும்போது விடிந்தும் விடியாமலும் இருக்கும். தோட்டத்தில் அம்மா பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கும் அதே நேரத்தில், தனலெட்சுமி இங்கே கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் இரும்புக் கதவைத் தூக்குவாள். முதல் வேலை, கம்ப்யூட்டருக்கு விசிறி போடுவது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதற்கு நேரே திருப்பி வைத்தால்தான் அது படம் வெட்ட இசையும். ஓர் இடத்தில் வெட்டிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கண் எரியும், முதுகு கடுக்கும். மாலைக்குள் மூன்று பாட்டு முடிந்தால் அது நல்ல நாள்.

முன்னால் வந்து பாருங்கள்! 'பதுளையில் முதன்முறையாக எச்.டி. வீடியோ, 2007' என்று பளபளக்கும் பலகை. உள்ளே நுழைந்ததும் சுவரை அடைத்துக்கொண்டு புது டிவி. முதலாளி ரெங்கசாமி எச்.டி. கேமராவும் வாங்கினார். பின்னறையில் மட்டும் அதே ஐந்து வருடப் பழைய கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க், எச்.டி. படத்தைத் திறந்தாலே உறைந்துபோகும் திருட்டு சிடி மென்பொருள். ஊருக்கு ஜரிகை, உள்ளுக்குக் கந்தல்.

பெப்ரவரியிலேயே தனலெட்சுமியும் சக எடிட்டர் ஷுக்ரியும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேகமான புராசசர், இரண்டு ஜிபி ராம், கரண்ட் போனாலும் தாங்கும் யு.பி.எஸ்., எச்.டி.க்கு ஏற்ற அசல் மென்பொருள், நகல் வைக்க இரண்டாவது ஹார்ட் டிஸ்க். "இத்தனை நாள் ஓடுன மெஷின் இனியும் ஓடும்" என்று முதலாளி அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். டேப்பிலும் சிக்கனம் பிடித்தார். ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அதே டேப்பில் அடுத்த வீட்டு விசேஷத்தை எடுக்க வேண்டும்.

நேற்று மாலை மழையில் கரண்ட் போயிருந்தது. இன்று பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. பூனாகலைத் தோட்டத்துப் பெரியாயி மகளின் கல்யாணம் அதில்தான் இருந்தது. டேப்பில் அதன்மேல் வேறொரு வீட்டுச் சடங்கு ஏறியாகிவிட்டது.

எட்டு மணிக்குப் பெரியாயியே குடையோடு வந்து நின்றார்.

"சிடி ஆயிருச்சாங்க? மக கொழும்புக்குப் போயிருச்சு. அதப் பாத்துக்கிட்டாவது இருக்கலாம்னுதான் வந்தேன்."

அதற்குள் வந்து விஷயத்தைக் கேட்டிருந்த ரெங்கசாமி சற்றும் தயங்கவில்லை. "இந்தப் புள்ள அழிச்சிருச்சும்மா. கவனம் கெடையாது. இன்னையோட இதுக்கு வேல இல்ல."

தனலெட்சுமிக்கு முகம் கொதித்தது. "நான் அழிக்கல மொதலாளி! டிஸ்க் போயிரும்னு எழுதிக் குடுத்தோம்ல? ஒங்க டிவிக்கு இருந்த அவசரம் எங்க மெஷினுக்கு இல்ல."

"வாய மூடு. லயத்துல கெடந்தவளக் கூட்டியாந்து வேல குடுத்தா..."

"நீங்களும் லயத்துல பொறந்தவருதானே, மொதலாளி?" என்றான் ஷுக்ரி. அவன் கையில் தேநீர்க் கறை படிந்த அந்தத் தாள் இருந்தது.

கேமராமேன் ஜீவன் கேமராவோடு வாசலில் வேன் ஏறப் புறப்பட்டு நின்றான். பண்டாரவளை ஹோட்டல் ஒன்றுக்கு இன்று விளம்பரப் படம். அவன் பேசாமல் போயிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து பெரியாயி முன்னால் நின்றான்.

"அம்மா, ஒங்க மக கல்யாணத்துக்கு மேல வேற படம் எடுத்தவன் நான். இவர் குடுத்த டேப்பு அது. வேணாம்னு சொல்லாதது என் தப்பு. இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

கேமராவைத் திறந்து டேப்பை வெளியே எடுத்தான். அதிலும் யாரோ மணமக்களின் பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. மேலே பதிவாகாதபடி ஓரத்துச் சின்னப் பூட்டை நகத்தால் தள்ளி, மேசையில் வைத்தான்.

"புது டேப்பு, இந்தத் தாள்ல உள்ள சாமான், தனலெட்சுமிக்கு வேல. இல்லாட்டி கேமராவ நீங்களே தூக்கிட்டுப் போங்க."

"போங்கடா! பண்டாரவளையில ஆளா இல்ல?" என்றார் ரெங்கசாமி.

"அங்க உள்ளவங்களுக்கும் இதே மெஷின்தான். ஒருத்தரும் வர வேணாம்னு நான் இப்பவே பேசுறேன்" என்று ஷுக்ரி போனை எடுத்தான்.

மூவரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியாது. பெரியாயியும் பின்னாலேயே படிக்கு வந்தார். பிறகு கேட்டார்:

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு, புள்ள?"

தனலெட்சுமி வாசித்தாள். கடைசி வரியில், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் என்றதும், பெரியாயி நிறுத்தினார்.

"ரெண்டாவதுன்னா, ஒண்ணு போனாலும் மத்ததுல கல்யாணம் இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்ப அத மொதல்ல எழுது."

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு" என்று ஜீவன் பேனாவை வாங்கினான். தாளின் உச்சியில் தனலெட்சுமியின் பெயரை எழுதினான்.

பெரியாயி குடையை மடக்கினார். "என் மக கல்யாணம் போயிருச்சு. இன்னொருத்தி மக கல்யாணம் இப்புடிப் போகக் கூடாது. தள்ளி உக்காருங்க."

உள்ளே தொலைபேசி அடித்தது. ஹோட்டல்காரர்களாகத்தான் இருக்கும். படியில் இருந்த நால்வரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.